காட்டுக்குள் புலியை விட்டது யார்?
எழுத்தறிவு மென்பொருளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில் எங்கள் ஊர். ஊர் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஊருக்குத் தெற்கே எங்கள் வளவு. அங்கே சமுதாயக் கூடத்தில் ராத்திரி ஏழரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். எதிரே பதினோரு பொம்பளைகள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பகலில் சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறவர்கள், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்கள், களை வெட்டப் போகிறவர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் ஒரு சொல் வந்தது: காடு. கூடவே ஒரு படம். அடர்ந்த மரங்கள், நடுவே ஒரு புலி. 'படத்தைப் பார்த்துச் சொல்லைக் கூறுங்கள்' என்றது உள்ளிருந்து ஒரு குரல். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு அத்தை கேட்டார்:

"ஏங்கண்ணு, காட்டுல எங்க புலி வந்துச்சு? நாங்க நெதம் போறமே, கடலக்கொடியும் சோளத்தட்டுந்தான கெடக்குது?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் சிரிப்பு நின்றது.

சேலம், நாமக்கல் சீமையில் காடு என்றால் மானாவாரி நிலம். தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். 'காட்டுக்குப் போறேன்' என்றால் கூலி வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அந்தக் காடு யாருடையது, யார் வரப்பில் நிற்பார், யார் குனிந்திருப்பார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஏ. தமிழில் முல்லைத் திணையும் குறிஞ்சித் திணையும் எழுதிப் பாசான எனக்குக்கூட அந்தப் புலிப்படம் தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். படிப்பு எனக்குச் செய்த வேலை அது. அத்தைக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்தது.

ஒரு நாவல் வந்தால் அதற்குப் பத்து விமர்சனம் எழுதுகிறோம். எந்தச் சாதியின் குரல், யாருடைய பார்வை, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பிரித்து மேய்கிறோம். ஆனால் முதியோருக்கான அரிச்சுவடிக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அது ஏதோ சாதிக்கும் அரசியலுக்கும் அப்பாற்பட்ட பண்டம் மாதிரி. அரிச்சுவடி இப்போது கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் போய்விட்டது. விஞ்ஞானம் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இனி கேட்கவே வேண்டாம். அதை வாசிக்கிறவர்களுக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்தவர்கள் அதை வாசிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மென்பொருளை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கும் முயற்சி.

2

வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. மூன்று பாடநூல்கள், 200 மணி நேரம் படிப்பு என்பது அதன் கணக்கு. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு 200 மணி நேரம் என்பது பெரிய சங்கதி. பாதியில் நின்றவர்கள் ஏராளம். இந்த இடத்தில்தான் கணினி நுழைந்தது. 2000ஆம் ஆண்டு டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் கணினிவழி எழுத்தறிவுத் திட்டம் ஒன்றை ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தெலுங்கில் தொடங்கியது. இதன் பின்னால் இருந்தவர் எஃப்.சி. கோலி, இந்திய மென்பொருள் தொழிலின் தந்தை என்று சொல்லப்படுபவர், 2020இல் மறைந்தார். பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வந்தது.

அதன் அடிப்படை எளிமையானது. அ, ஆ என்று எழுத்தில் தொடங்கவேண்டாம். வளர்ந்த மனிதருக்குப் பேச்சு மொழி முழுசாகத் தெரியும். ஆகவே சொல்லை ஒரு வடிவமாகக் காட்டு, ஒலியைச் சேர், பிறகு சொல்லை உடைத்து எழுத்தைக் காட்டு. பொம்மலாட்டப் பொம்மைகள் திரையில் வந்து பேசும். பாடங்கள் தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் நூல்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம், ஒரு உதவியாளர் போதும். நகரத்து அலுவலகங்கள் தூக்கிப்போட்ட பழைய கணினிகளே போதும். 40 மணி நேரத்தில் செய்தித்தாளைப் படிக்கும் அளவுக்கு வந்துவிடலாம் என்றார்கள். எழுதக் கற்பிப்பது அதன் நோக்கமில்லை. வாசிப்பு மட்டும்.

இன்றைக்கு அரசின் திட்டம் வேறு. 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, தன்னார்வலர்களைக் கொண்டு. 2023 ஜூலையில் அதற்கென்று 'உல்லாஸ்' என்ற கைப்பேசிச் செயலி வந்தது. முதியோர் கல்வி என்ற சொல்லே பழசாகிவிட்டது, இனி 'அனைவருக்கும் கல்வி' என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. அந்த மிச்சம் இருக்கிறதே, நூறு பெண்களில் இருபத்தாறு பேர், அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டியதில்லை. ராத்திரி எங்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்தால் போதும்.

நான் வகுப்பில் ஓட்டியது மேலே சொன்ன எதுவுமில்லை. ஒரு நண்பர் கொடுத்த வேறொரு மென்பொருள். பெயர் இங்கே முக்கியமில்லை. அதன் புத்தி எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதுதான் என் கவலை.

3

அந்த மென்பொருளின் முதல் இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அம்மா, மரம், பழம், வீடு, பூ, காடு, தோட்டம், கிணறு, கோயில், பள்ளி... எல்லாம் நல்ல சொற்கள்தான். கிணற்றடியில் நாலு பெண்கள் சேர்ந்து தண்ணீர் சேந்துகிற படம். கோயிலுக்குள் எல்லாரும் கும்பிடுகிற படம். தோட்டத்தில் ரோஜாப்பூ. இந்தப் படங்களை வரைந்தவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் எந்தக் கிணற்றில் எந்தப் பெண்கள் சேந்தலாம் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. எழாமல் இருக்கும்படியான ஒரு இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எந்திரம் சாதி பார்க்காது என்று சொல்வார்கள். சரி. எந்திரத்துக்குள் சொல்லைப் போட்டவருக்குச் சாதி கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றென்று நாம் ஏமாந்துவிடக் கூடாது.

இன்னொன்று. மென்பொருள் தன் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தாய்மொழி என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் அருந்ததியர் வளவுகள் பலவற்றில் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. தண்ணீருக்கு 'நீள்ளு' என்றுதான் பிள்ளை முதலில் சொல்லும். தெலுங்கு மென்பொருளைக் கொண்டுவந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தத் தெலுங்கு வேறு, எங்கள் தெலுங்கு வேறு. எங்களுடையதற்கு அச்சும் இல்லை, பாடநூலும் இல்லை. காட்டிலும் ஆலையிலும் பேசுகிற தமிழ் ஒன்று. அதற்கு மேலே திரையில் பேசுகிற 'கூறுங்கள்' தமிழ். ஆக, ஒரு அத்தை 'தண்ணீர்' என்ற சொல்லைப் படிப்பதற்கு மூன்று படி ஏறவேண்டும். ஒருபடி ஏறினால் போதும் என்று 40 மணி நேரக் கணக்குப் போட்டால் அவர் தோற்றுத்தான் போவார். தோற்றபிறகு 'இவங்களுக்கு மண்டைல ஏறாது' என்பார்கள். அந்த வசனம் நமக்குப் புதுசில்லை.

முதல் சொல் எது என்பது சின்ன விஷயமில்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் விட்டது, கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்தது எல்லாம் அந்த இயக்கத்தையொட்டி நடந்தவை. அறிவொளிப் பாடநூல் தொடங்கிய சொற்கள் பட்டா, படி. ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அந்தக் காலத்து அனுபவங்களைச் சொல்லும் புத்தகம். மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும். நிலமில்லாதவரிடம் முதல் சொல்லாகப் பட்டாவைக் கொடுத்தால் அவர் அதை எழுத்தாக மட்டும் பார்க்கமாட்டார். நம்மவர்களுக்கு அது இன்னும் கூடுதல். 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது என்று கேட்டு, காரணை நிலமீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பட்டா என்ற மூன்றெழுத்துக்குள் இரண்டு பிணம் கிடக்கிறது. எந்த மென்பொருள் இதைப் படமாகக் காட்டும்?

பாவ்லோ ஃப்ரெய்ரேயை இங்கே நினைக்காமல் முடியாது. 1963இல் பிரேசிலின் அங்கீகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளிகளுக்கு அவர் எழுத்தறிவித்தார். அவர் கணக்கும் அதே 40 மணி நேரம். ஆனால் பாடம் தொடங்குமுன் அந்த மக்களோடு பேசி, அவர்கள் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கினார்கள். செங்கல் என்பதற்கான போர்த்துகீசியச் சொல்லை எடுத்து, அதை அசையசையாக உடைத்து, நம் த, தா, தி, தீ வரிசை மாதிரி விரித்து, அந்த அசைகளிலிருந்து மக்களே புதுச் சொற்களைக் கட்டினார்கள். செங்கல் அறுக்கிறவன் ஏன் குடிசையில் இருக்கிறான் என்ற பேச்சும் கூடவே நடந்தது. அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார். எழுத்தறியாதவருக்கு ஓட்டுரிமை இல்லாத நாடு அது. 1985 வரை அப்படித்தான். எழுத்து அங்கே நேரடியாக ஓட்டாக மாறும் என்பதால் ஆண்டைகளுக்குப் பயம்.

இதில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. ஃப்ரெய்ரேயின் வகுப்பிலும் எந்திரம் இருந்தது. போலந்திலிருந்து வாங்கிய மலிவான படம் காட்டும் கருவிகளை வைத்துத்தான் சுவரில் படம் போட்டுப் பேசினார்கள். ஆகவே எந்திரம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 40 மணி நேரம் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. சொல் யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

4

எந்திரத்தைத் திட்டுவதென்று முடிவுகட்டி நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஆயா என் நோட்டை மூடவைத்தார். அறுபது வயசிருக்கும். தப்பாகத் தொட்டால் 'மீண்டும் முயலுங்கள்' என்றும், சரியாகத் தொட்டால் 'நன்றாகச் செய்தீர்கள்' என்றும் அந்தக் குரல் சொல்லும். ஆயா வேண்டுமென்றே தப்பாகத் தொட்டுக்கொண்டிருந்தார். ஏன் ஆயா என்றேன்.

"என்ன இத்தன வருசத்துல நீங்கன்னு கூப்புட்டது இந்தப் பொட்டி ஒன்னுதான் சாமி. பண்ணையத்துல பேரன் வயசுப் பையன்கூட ஏ புள்ள, வாடின்னுதான் கூப்புடுவான். இன்னொருக்கா கேக்கட்டும்னுதான் தொட்டன்."

இதற்கு நான் என்ன விமர்சனம் எழுத?

அவர் சின்ன வயதில் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு வாத்தியார் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பாராம். இவர் விரலைப் பிடிக்கவில்லை. தூர இருந்தே, 'அதப் பாத்து எழுது.' தப்பாக எழுதினால் குச்சியை வீசுவார். குச்சிக்குத் தீட்டில்லை. அந்த நினைப்போடு இருக்கிறவருக்கு ஒரு எந்திரம் கோபப்படாமல், முகம் சுளிக்காமல், நூறு தடவை சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை. மனித ஆசிரியர்தான் உயர்வு, எந்திரம் தாழ்வு என்று பேசுகிறவர்கள், எந்த மனிதர் எந்தப் பிள்ளைக்கு ஆசிரியராக இருந்தார் என்பதை மறந்து பேசுகிறார்கள். நானும் கொஞ்சம் மறந்திருந்தேன்.

தொழில்நுட்பமாகவும் அது சில வேலைகளை நன்றாகச் செய்கிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம் என்று 247 எழுத்து சொல்லிப் பயமுறுத்துவோம். உண்மையில் முப்பது எழுத்தும் பத்துப் பன்னிரண்டு குறிகளும்தான். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபிறகு ணா, றா, னா, லை, னை எல்லாம் நேராகிவிட்டன. ஆனால் கொம்பு இன்னும் சிக்கல். 'கெ' என்பதில் ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் எழுத்தை இரண்டு பக்கமும் குறி அணைத்துக்கொள்கிறது. கரும்பலகையில் இதை விளக்கி நான் களைத்துப் போயிருக்கிறேன். திரையில் குறி மட்டும் சிவப்பு நிறத்தில் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே மாதிரி எளிமையான இன்னொரு வழியும் இருக்கிறது. 1996இல் அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி யோசித்தது. டி.வி.யில் ஓடும் சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகளைப் போடுவது, பாடப்பாட அந்தச் சொல் நிறம் மாறுவது. 1999இல் குஜராத் தூர்தர்ஷனில் போட்டுப் பார்த்தார்கள். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். கண் தானாக எழுத்தைத் தொடும். மக்களிடம் உள்ளதிலிருந்து தொடங்குகிற புத்தி அதில் இருக்கிறது.

ஆனால் ஆயா சொன்னதில் ஒரு பாதியை நான் பிறகுதான் யோசித்தேன். வாத்தியார் அவர் விரலைப் பிடிக்கவில்லை. இந்த எந்திரமும் விரலைப் பிடிப்பதில்லை. வாசிப்பு மட்டும் போதும், எழுத்து வேண்டாம் என்று வைத்த கணக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் வாசிக்க மட்டும் தெரிந்தவர் அடுத்தவர் எழுதியதைப் பெற்றுக்கொள்கிறவர். அறிவிப்பைப் படிக்கலாம், மருந்துச் சீட்டைப் படிக்கலாம், உத்தரவைப் படிக்கலாம். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று கலெக்டருக்கு மனு எழுத முடியாது. நமக்கு எழுத்து தேவைப்பட்டதே மனு எழுதத்தான். நான் ஆயாவின் விரலைப் பிடித்து, அவர் பெயரின் முதல் எழுத்தை எழுதவைத்தேன். கை நடுங்கியது. யாருடைய கை என்று கேட்காதீர்கள்.

5

பின்வரிசை அத்தை, புலியைக் கேட்டவர், மூன்றாவது வாரம் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். குழுக் கடன் அட்டை.

"இதப் படிக்கத்தான் வந்தன். பூவும் பழமும் எனக்கெதுக்கு?"

எண்கள் அவருக்குத் தெரியும். ரூபாய் தெரியாத கூலிக்காரர் யார்? எந்த எண் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கட்டத்தின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. அன்றைக்கு ராத்திரி மடிக்கணினியைத் திறக்கவில்லை. சுவரில் கரியால் எழுதினேன்: முட்டை. நாமக்கல்லில் இந்தச் சொல்லுக்குப் படம் வேண்டாம். அதன் கீழே: அட்டை. வட்டி. தட்டு. கட்டு. பட்டா. 'ட்ட' என்ற அந்த முடிச்சு பிடிபட்டதும் அவர்களே ஆளுக்கொரு சொல் போட்டார்கள். சோளத்தட்டு, கொட்டாய், கட்டில், குட்டி. ஒரு பாட்டி 'திட்டு' என்றார். பண்ணையத்தில் வாங்குவது.

பத்து நாளில் அத்தை தன் அட்டையில் 'வட்டி' என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு அசல், தவணை, நிலுவை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: காப்பீடு. அதில் ஒரு தொகை பிடித்திருந்தது. வசூலுக்கு வந்த பையனிடம் கேட்டிருக்கிறார்: "காப்பீடுன்னா என்ன தம்பி? நான் ஒன்னும் வாங்கலியே?" அதெல்லாம் ஆபீசில் கேளுங்கள் என்று போய்விட்டான். பணம் திரும்பி வரவில்லை. வரும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் மற்ற பத்துப்பேரும் மறுநாள் தங்கள் அட்டைகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். மென்பொருள் தராத வீட்டுப்பாடம் அது.

6

என் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அம்மா அறிவொளி கிளாசுக்குப் போனவர். அரிக்கேன் வெளிச்சத்தில் ஏழெட்டு மாதம். முழுசாகப் படிக்கவரவில்லை. கையெழுத்து வந்தது. என் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் அதை வகுப்பில் எல்லாருக்கும் காட்டினேன். 'இனிமே எங்கம்மா கைநாட்டு இல்ல.'

இப்போது அம்மா ரேஷன் கடைக்குப் போனால் கருவியில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். பேங்குக்காரர் கையில் கருவியோடு வந்தால் அதிலும் விரல். கிழங்கு சீவிச் சீவி ரேகை தேய்ந்துபோன விரல். துடைத்து வை, எண்ணெய் தடவி வை, அடுத்த விரலை வை என்கிறார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து வருகைப்பதிவுக்கும் செயலி கட்டாயமானது. படம் பிடித்து ஏற்றினால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு என்றார்கள். அம்மா கேட்கிறார்: "கையெழுத்துப் போடறன்னு சொன்னாலும் வேண்டாங்கறாங்க. அப்பறம் எதுக்குடி அத்தன நாளு வெளக்குல கண்ணக் கெடுத்துக்கிட்டன்?"

ஒரு எந்திரம் கைநாட்டை ஒழிக்கச் சொல்லித்தருகிறது. இன்னொரு எந்திரம் கைநாட்டைத் திரும்பக் கேட்கிறது. இரண்டையும் கொண்டுவருவது ஒரே அரசு. கைநாட்டு முன்பு அவமானமாக இருந்தது. இப்போது அடையாளம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எழுத்தறிவு மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எழுதக் கற்றுக்கொள்கிறவரின் எழுத்துக்கு எந்த அலுவலகத்தில் மதிப்பு இருக்கப்போகிறது?

எனக்கு முழுப்பதில் தெரியாது. ஆனால் செய்யக்கூடிய வேலை ஒன்று தெரியும். புனேயில் ஜோதிராவ் ஃபுலே 1855இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். சென்னையில் 1894இல் பஞ்சமர் பள்ளி வந்தது. இரவு வகுப்பு நமக்கு யாரும் கொடுத்த பிச்சையில்லை, நம் மரபு. இன்றைக்கு நம் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள், கணினிப் பயன்பாடு படிக்கிறார்கள். நூறு சொல்லுக்குப் படமும் குரலும் சேர்த்து ஒரு சின்ன மென்பொருள் செய்வது அவர்களுக்குக் கஷ்டமில்லை. அந்த நூறு சொல் எவை என்பதைச் சேகரிக்கவேண்டியது தமிழ் படித்த நாம். சேகோ ஆலையிலிருந்து, பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலிருந்து, செங்கல் சூளையிலிருந்து, கோழிப்பண்ணையிலிருந்து. ஆளுக்கு ஒரு வளவு, ஆளுக்கு ஒரு நோட்டு. குரலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். 'நீங்கள்' மட்டும் மாறாமல் இருக்கட்டும். ஆயாவுக்கு அது வேண்டும்.

என் நோட்டில் இதுவரை அறுபத்தி மூன்று சொல் சேர்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் காடு. படம் வரையச் சொல்லி அத்தையிடமே பென்சிலைக் கொடுத்தேன். ஒரு வரப்பு வரைந்தார், குனிந்த மாதிரி ஏழெட்டுக் கோடு போட்டார், வரப்புமேல் ஒரு குடை பிடித்த ஆளை நிறுத்தினார்.

"புலி எங்க அத்தே?" என்றேன்.

குடையைக் காட்டினார்.